மென்பொருள் ஆக்கும் முறைகள்



எங்கள் மேல்சித்தாமூரில் பார்சுவநாதர் கோயில் உண்டு. அப்பெருமான் முத்தி எய்திய மலையெனச் சமணர் போற்றும் சம்மேத சிகரம் இன்றைய சார்க்கண்டு மாநிலத்தில் இருக்கிறது. முன்னாளில் இவ்வூரார் அங்கு யாத்திரை செல்ல வேண்டுமாயின், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ வண்டியேறிச் சென்னை செல்வர், அங்கிருந்து ஹௌரா, அங்கிருந்து மற்றுமொரு வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பேரேடு இருந்தது. அப்பேரேடு எந்நிலையத்தில் இருந்ததோ, அங்குள்ளார்க்கே இடம் உண்டா, இல்லையா என்பது தெரியும். இடைநிலையத்தார்க்குச் சிறு ஒதுக்கீடு. அதற்குமேல் வேண்டுமாயின் தந்தி. திரும்பும் பயணத்திற்கும் தந்தியே. இன்றோ திண்டிவனத்தில் நின்றபடியே ஹௌராவிலிருந்து திரும்பும் வண்டியில் இடம் பெறலாம். கையிலுள்ள தொலைபேசியிலும் பெறலாம்.

இம்மாற்றத்தை விளைவித்தது மென்பொருள். கணிப்பொறி இன்னின்ன செய்க என்று எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதிக்கே அப்பெயர். சிறியதொன்றை ஒருவர் ஓரிரவில் எழுதிவிடலாம். நூறு பேர் கூடி ஆண்டுக்கணக்கில் எழுத வேண்டியதாயின், எவர் எப்பகுதியை எழுதுவது, எப்பொழுது முடிப்பது, பிழையை எவர் காண்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. 1968-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கணிப்பொறி அறிஞர்கள் கூடி இதனை ஆராய்ந்தனர். பெரிய மென்பொருள்கள் காலங்கடந்து வருகின்றன, செலவு மிகுகின்றது, வந்த பின்னும் பிழை மலிந்திருக்கின்றன என்பதே அவர்களுடைய கவலை.

முதலில் கைக்கொள்ளப்பட்டது வீடு கட்டுவார் முறையை ஒத்தது. தேவையை எழுதி முடிப்பது, அதன்பின் வரைபடம், அதன்பின் நிரல், அதன்பின் சோதனை, இறுதியில் ஒப்படைப்பு. நீர் படிப்படியாகக் கீழே விழுவதுபோல் அமைந்தமையால் இதனை அருவிமுறை என்பர். வின்ஸ்டன் ராய்ஸ் என்னும் அமெரிக்கர் 1970-ஆம் ஆண்டு ஒரு கட்டுரையில் இப்படிகளை வரைந்து காட்டினார். ஆனால் இவ்வாறு நேரே இறங்கிச் செல்வது இடர் நிறைந்தது என்றும், முன்னோட்டமாக ஒன்றைச் செய்து பார்த்தல் நலம் என்றும் அதே கட்டுரையில் எழுதினார். உலகம் படத்தை எடுத்துக்கொண்டது, எச்சரிக்கையை விட்டுவிட்டது. பாடநூலில் படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வுக்கு வரும் மாணவர்களை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டவனாதலின், எனக்கு இதில் வியப்பில்லை.

அருவிமுறை ஏன் தவறுகிறது? சுவர் எழும்பும்போதே வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார். சாளரம் தாழ்வாயிருக்கிறது என்கிறார். மென்பொருளோ எழும்பும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. தமக்கு வேண்டியது யாது என்பதை முன்கூட்டியே முழுமையாகச் சொல்லவும் மக்களால் இயல்வதில்லை. ஒன்றைக் கண்முன் வைத்தால்தான் ‘இது அன்று, அது’ என்கின்றனர். ஈராண்டு கழித்து முதன்முறையாக வைத்தால், அவ்வீராண்டு உழைப்பும் பாழாகலாம்.

இருப்புப்பாதைத் துறையில் நடந்ததைக் காண்க. வண்டிகளும், வகுப்புகளும், ஒதுக்கீடுகளும், கட்டணச் சலுகைகளும் பின்னிக் கிடந்த பெருங்கணக்கு அது. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் மாற்ற அவர்கள் முனையவில்லை. 1985-ஆம் ஆண்டு தில்லியில் மட்டும் வெள்ளோட்டம் விட்டனர். தேர் செய்தவர் அதனை முதலில் வெறுந்தேராக உருட்டிப் பார்ப்பாரன்றோ? அதனை ஒத்தது இது. பின்வந்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய இடங்களுக்கு அது சென்றது. எனினும் அம்மையங்கள் தனித்தனியே இயங்கின. அவற்றைப் பிணைப்பதற்கெனக் ‘கான்சர்ட்’ என்னும் புதிய மென்பொருள் ஆக்கப்பட்டு, 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் இயங்கியது. 1999-இல் ஐந்து மையங்களும் ஒன்றாயின. 2002-இல் இணையவழிச் சீட்டு வந்தது. தொடக்கத்திலிருந்து மையங்கள் ஒன்றாகும் வரை பதினான்கு ஆண்டுகள். மிக மெதுவானது என்று குறை கூறுவார் உளர், நான் கூறேன். அப்பதினான்கு ஆண்டுகளிலும் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. மக்கள் சீட்டுப் பெற்றுக்கொண்டிருந்தனர்.

இதற்கு மாறாக, அமெரிக்க நாட்டின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தன் வழக்குக் கோப்புகளுக்காக ஒரு மென்பொருளை ஆக்க முயன்று, ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவான பின் 2005-இல் அதனைக் கைவிட்டது. அதன்பின் தொடங்கிய பணியும் இடையில் தேங்கியது. 2010-இல் ஆட்களைக் குறைத்து, வேலையைச் சிறு கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறும் முடிந்தவுடன் காட்டி நடத்திய பின்னரே, 2012-இல் அது பயனுக்கு வந்தது.

ஆட்களைக் குறைத்ததா காரியத்தை விரைவாக்கும் என்று வினவலாம். ஐ.பி.எம். நிறுவனத்தின் பெரியதொரு மென்பொருட்பணியை நடத்திய பிரெடரிக் புரூக்ஸ் 1975-இல் இதற்கு விடை எழுதினார். காலங்கடந்த பணியில் புதியவரைச் சேர்த்தால் அது மேலும் காலங்கடக்கும் என்பது அவர் கண்டது. கணக்கு எளிது. ஐவர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளப் பத்து இணைகள் போதும். பதின்மர்க்கு நாற்பத்தைந்து இணைகள். ஆட்கள் இருமடங்கானால் பேச்சு நான்கு மடங்குக்கும் மேலாகிறது. புதியவர்க்குப் பாடம் சொல்லும் பழையவர் தம் வேலையையும் நிறுத்த வேண்டியிருக்கிறது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு நிரலறிஞர்கள் கூடி, இவ்வகைப் படிமுறைக்கு ‘அஜைல்’ என்று பெயரிட்டனர். இரண்டு வாரம், அல்லது நான்கு வாரம். அதற்குள் முடியும் அளவே வேலை. முடிந்ததைப் பயன்படுத்துவோர் முன் இயக்கிக் காட்டுதல். அவர் சொல்வதைக் கேட்டு அடுத்ததைத் திட்டமிடுதல். நாள்தோறும் கால் மணி நேரம் நின்றபடியே, நேற்றுச் செய்தது யாது, இன்று செய்வது யாது, தடை யாது என்று பேசுவர். பலகையில் வேலைச் சீட்டுகளை இடம் மாற்றிக் குத்தும் வழக்கமும் உண்டு. அது ஜப்பானிய டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்தது. சென்னையிலுள்ள மென்பொருள் அலுவலகங்களில் பணிபுரியும் என் பழைய மாணவர் சிலர், நிற்பதும் சீட்டுக் குத்துவதும் தவறாமல் நடக்கின்றன, பயன்படுத்துவோர் முகத்தைத்தான் ஓராண்டாகக் கண்டதில்லை என்கின்றனர். அதனை அருவிமுறை என்றே அழைத்துவிடலாம். மேலும், எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்றும் கொள்ளற்க. பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டியின் தடையைச் சோதித்தல் கூடாதன்றோ?

நான் தலைமையாசிரியனாயிருந்த ஒரு பள்ளிக்கு, மாணவர் விவரங்களைப் பதிவதற்கென ஒரு மென்பொருள் வந்தது. அதில் பெயருக்கு இரு கட்டங்கள்: ஒன்று பெயர், மற்றொன்று குடும்பப்பெயர். இரண்டையும் நிரப்பினாலன்றி மேலே செல்லாது. நம்மவர்க்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரின் முதலெழுத்தை இட்டால், ஓரெழுத்து பெயராகாது என்று பொறி மறுத்தது. தந்தை பெயரை முழுதும் இட்டால், வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து மட்டும் இருந்தமையால், இருவரும் வேறு வேறு ஆள் என்றது. கல்வி உதவித்தொகை பலர்க்கு நின்றுபோயிற்று. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாய், கூலி வேலையை விட்டுவிட்டு வங்கிக்கும் பள்ளிக்குமாக ஐந்து முறை நடந்தார்.

எங்கள் எழுத்தர், பொறி ஏற்க மறுத்த பெயர்களையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். வேறொரு கோளாற்றைச் சரிசெய்ய மறு ஆண்டு வந்த நிரலாளர், இளைஞர், ஒரு காலைப்பொழுது முழுதும் அவரருகே அமர்ந்திருந்தார். நோட்டு அவர் கண்ணில் பட்டது. புரட்டிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?” என்றார்.

“யாரும் கேட்கவில்லையே, தம்பி” என்றார் எழுத்தர்.

அடுத்த மாதம் அக்கட்டம் மாறியது. அச்சிறுமியின் தொகை வந்து சேர்ந்தபோது அவள் எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் சென்றிருந்தாள். தாயாருக்குச் சொல்லியனுப்பினோம்; வந்து கையொப்பமிட்டுப் பெற்றுச் சென்றார்.