பைக் கேட்கிற பிள்ளையும் சோழவரத்துப் புழுதியும்

"அம்மா, பிளஸ் டூ முடிச்சதும் பைக் வாங்கித் தரேன்னு அப்பா சொல்லிட்டாரு. நீ நடுவுல புகுந்து கெடுக்காதே" என்றான் என் மகன். ஆண் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்குத்தான் இந்தப் பேச்சு வயிற்றில் புளியைக் கரைக்காது?

எங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பைப் பார்த்த சகோதரிகளுக்கு என் பயம் புரியும். 1956-ல் கம்பெனி பிறந்த பிறகு, அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வட்டம் வட்டமாகக் கட்டிய ஊர் இது. சாலைகள் அகலம், நேர், இரண்டு பக்கமும் மரம். ஷிப்ட் பஸ் போய்விட்டால் ஈ காக்கா இருக்காது. இதைவிட வேறென்ன வேண்டும் மீசை அரும்புகிற பிள்ளைகளுக்கு? இரண்டு வண்டியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, அந்த வேப்பமரத்திலிருந்து இந்த விளக்குக் கம்பம் வரை யார் முந்தி என்று பார்ப்பார்கள். போன வருஷம் தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவன் இப்படிப் போய் விழுந்து தொடை எலும்பு முறிந்து, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தான். அவன் அம்மா அவனுக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். பைக் என்றால் எனக்கு அந்தக் கட்டுப் போட்ட கால்தான் ஞாபகம் வரும்.

இந்தச் சண்டை வீட்டில் நடந்துகொண்டிருந்தபோது என் சித்தப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல். வாலிபத்தில் மெட்ராசில் மெக்கானிக்காக இருந்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உன் பிள்ளை போடற பந்தயத்துக்கு ஒரு பேர் இருக்கும்மா. டிராக் ரேஸ். ஆனா இவனுங்க அதில் பாதியைத்தான் செய்யறானுங்க. மீதிப் பாதியை நாங்க சோழவரத்துல செஞ்சோம்" என்றார்.

சோழவரம் சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது. இரண்டாவது உலகப் போர் சமயத்தில் அங்கே விமானம் இறங்க ஓடுதளம் போட்டிருந்தார்கள். போர் முடிந்தது, விமானம் போயிற்று, தளம் மட்டும் பொட்டல் வெளியில் கிடந்தது. 1953-ல் வண்டிப் பைத்தியம் பிடித்த சிலர் சேர்ந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கினார்கள். அந்த ஓடுதளம்தான் முப்பது வருஷத்துக்கும் மேல் அவர்களுடைய மைதானம். பிப்ரவரி மாதம் நடக்கும் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனம் கூடுமாம். சித்தப்பா புளியோதரைப் பொட்டலத்தோடு விடியற்காலையில் கிளம்பிப் போய், சாயங்காலம் தலைமுதல் கால்வரை செம்புழுதியோடு திரும்பி வருவாராம். "உங்க சித்தி என்னைக் கிணத்தடியிலேயே நிறுத்தித் தண்ணி ஊத்தினப்புறம்தான் வீட்டுக்குள்ளே விடுவா."

வெளிநாட்டு வண்டி இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாக இருந்த காலம். அதனால் கிடைத்த பழைய பியட்டையும் ஹெரால்டையும் ஷெட்டில் போட்டுப் பிரித்து, தேவையில்லாத தகரத்தையெல்லாம் கழற்றி, அவர்களே ரேஸ் கார் ஆக்கினார்கள். ஜாவா, புல்லட் எல்லாம் ஓடின. கோயம்புத்தூர் கரிவர்தன் தானே கார் கட்டி ஓட்டியவர். மாருதி எஞ்சினை வைத்துச் சின்ன ரேஸ் கார்கள் செய்து எத்தனையோ இளைஞர்களை ஏற்றிவிட்டார். 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார், பாவம். கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான இந்து சந்தோக்கின் பேரன் கருண், 2010-ல் பார்முலா ஒன் பந்தயம் வரை போனான். அதற்கு முன் 2005-ல் போன நரேன் கார்த்திகேயனின் அப்பாவும் ராலி ஓட்டியவர்தான். ஏதோ சமையல் கைப்பக்குவம் மாதிரி இதுவும் வீட்டு வழியாகத்தான் வருகிறது போலிருக்கிறது.

சரி, டிராக் ரேஸ் என்றால் என்ன? நம் சாலையில் பையன்கள் செய்வதேதான்: இரண்டு வண்டி, நேர் பாதை, கால் மைல், அதாவது 402 மீட்டர். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. அமெரிக்காவிலும் இது தெருவில் பிறந்ததுதான். பிள்ளைகள் செத்துப்போவதைப் பார்த்து 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் இதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார். 1954-ல் அந்தச் சங்கத்து ஆட்கள் ஒரு வண்டியில் ஊர் ஊராகப் போய், "தெருவில் ஓட்டாதே, பழைய ஓடுதளம் இருந்தால் கேட்டு வாங்கு, இப்படி இப்படி நடத்து" என்று அந்தந்த ஊர்க்காரர்களுக்கே கற்றுக் கொடுத்தார்களாம். இங்கிலாந்தில் 1966-ல் தொடங்கிய சாண்டா பாட் மைதானமும் போர்க்காலத்து விமான தளம்தான். சோழவரம் மாதிரியே!

ஆரம்ப காலத்தில் விளக்கு கிடையாது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒருவர் கொடியோடு நின்று, ஒரு குதி குதித்துக் கொடியை வீசுவார். கிளம்பு என்று அர்த்தம். 1963-லிருந்துதான் விளக்குக் கம்பம் வந்தது. மஞ்சள் விளக்குகளுக்குப் பிறகு பச்சை. பச்சை வருவதற்குள் அவசரப்பட்டால் சிவப்பு எரியும், ஆட்டம் குளோஸ்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாதாரண ஜனங்கள் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் ஒரு விதி. ஓட்டுகிறவர் தன் வண்டி இந்தத் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான வண்டியை அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னால் அனுப்பிவிட்டுத்தான் வேகமான வண்டியை விடுவார்கள். அப்படியானால் பொய்யாக அதிக நேரம் எழுதி ஏமாற்றலாமே என்கிறீர்களா? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்ததைவிட வேகமாகப் போனால் தோல்வி! இதனால் பெரிய பணக்கார வண்டியோடு குடும்பத்து ஓட்டைக் காரும் போட்டி போட்டு ஜெயிக்க முடிகிறது. தன் வண்டியைத் தானே உண்மையாக அறிந்தவனுக்குத்தான் அங்கே பரிசு.

"சரி சித்தப்பா, பசங்க விட்டுட்ட மீதிப் பாதி எது?" என்று கேட்டேன்.

"ஓட்டறவன் ரெண்டு பேரு. ஓட்டாம வேலை செய்யறவன் இருபது பேரு. அந்த இருபதுதான்" என்றார். சம்பளம் கிடையாதாம். விடியுமுன்னே தளம் முழுவதும் நடந்து கல், ஆணி பொறுக்குவார்கள். வைக்கோல் கட்டுகளை அடுக்குவார்கள். ஒருவர் ஒவ்வொரு வண்டியாக உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பார்ப்பார், செயினை ஆட்டிப் பார்ப்பார், ஆக்ஸிலேட்டரை விட்டால் தானாகத் திரும்புகிறதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். சொந்த மச்சான் வண்டியானாலும் சரியில்லையென்றால் ஓரம் கட்டிவிடுவார். கொடி பிடிக்க ஆள், நேரம் குறிக்க ஆள். ஒருவர் பிற்பகல் முழுவதும் மணல் வாளியோடு நிற்பது தவிர வேறு எதுவுமே செய்யவில்லையாம். தளத்தில் எண்ணெய் சிந்தினால் உடனே மூட வேண்டுமே!

சித்தப்பா சொன்னதில் ஒன்று மனசில் நின்றுவிட்டது. ஒரு தடவை இவர் நண்பரின் பைக்கில் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. அடுத்த பந்தயத்தில் எதிரே நிற்க வேண்டியவன் தன் பையிலிருந்து புதுக் கேபிளை எடுத்து, தானே மண்ணில் மண்டி போட்டு மாட்டிக் கொடுத்தானாம். "அப்புறம் யார் ஜெயிச்சா?" என்றான் என் மகன். "கேபிள் கொடுத்தவன் தோத்துட்டான். கேபிளைத் திருப்பிக் கேக்கவும் இல்லே." சொல்லிவிட்டுக் கிழவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

பெண்களுக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஷெர்லி முல்டௌனி என்றொரு அம்மாள். பதினாறு வயதில் கல்யாணம், கையில் ஒரு பிள்ளை. 1973-ல் டிராக் ரேஸின் மிக வேகமான வகுப்புக்கு லைசென்ஸ் வாங்கிய முதல் பெண். 1977, 1980, 1982 என்று மூன்று தடவை சாம்பியன். அந்தப் பிள்ளை ஜான் வளர்ந்து அம்மாவின் வண்டிக்கு ஸ்பேனர் பிடித்தான். 1984-ல் பயங்கரமான விபத்து. கால்கள் நொறுங்கிப் போயின. 1986-ல் திரும்பவும் வந்து ஓட்டினார். நம் சென்னையிலேயே பைக் வீரர் ஆர்.ஏ.அப்துல்லாவின் மகள் அலிஷா, ஆண்களோடு சரிக்குச் சரி ஓட்டியவள்.

சோழவரத்தில் இப்போது பந்தயம் இல்லை. 1990-ல் கிளப்பாருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தப் பாதை வந்துவிட்டது. தேசிய அளவில் பைக் டிராக் ரேஸும் அங்கே நடந்திருக்கிறது. பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா அதில் பல தடவை சாம்பியன். போட்டியில் ஓட்ட லைசென்ஸ் வேண்டும், ஹெல்மெட், தோல் உடுப்பு எல்லாம் வேண்டும், வயது குறைந்தவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

அந்தக் கையெழுத்தைப் போடும் முன் நான் ஒன்றை மறைக்க மாட்டேன். 2023 ஆகஸ்டில் அதே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் ஓட்டிய பதின்மூன்று வயதுப் பெங்களூருப் பையன் விழுந்து இறந்துபோனான். டாக்டர், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தும்தான். இதைச் சொன்னபோது சித்தப்பா பதில் பேசவில்லை. நானும் கிளறவில்லை. அத்தனை ஏற்பாடு இருக்கும் இடத்திலேயே இப்படியென்றால், ஒரு ஏற்பாடும் இல்லாத நம் தெருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2019-ல் திருத்திய சட்டப்படி பதினெட்டு வயதாகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு என்பதையும் அவர் காதில் போட்டு வைத்தேன். என்னவரைச் சொல்கிறேன். பைக் வாக்குக் கொடுத்த புண்ணியவான் அவர்தானே!

கொடி பிடிக்கிறவர்கள் கற்றுக்கொள்ளும் ஒரு விஷயம் நாமும் தெரிந்துகொள்ள வேண்டியது. விழுந்தவனைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது. கழுத்து, முதுகெலும்பு உடைந்திருக்கலாம். மூச்சு விட முடியாமல் திணறினாலொழிய ஹெல்மெட்டைப் பிடுங்கக் கூடாது. சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்றக் கூடாது. ரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்ய வேண்டும். பின்னால் வருகிற வண்டிகளைத் தடுத்து நிறுத்த ஒருவர் தள்ளி நிற்க வேண்டும். அதைத்தான் அங்கே மஞ்சள் கொடி செய்கிறது.

எங்கள் வீட்டில் கடைசியில் இப்படி முடிவாயிற்று: பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வந்த பிறகுதான் வண்டி. அதுவரை சித்தப்பாவின் பழைய ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ளலாம். "அப்பா மைன்ஸுக்குள்ளே ஹெல்மெட் இல்லாம காலை வைக்க முடியுமாடா?" என்று நான் கேட்ட கேள்விக்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை.

ஹெல்மெட் வாங்க மெயின் பஜாருக்குப் போனோம். கலரைப் பார்த்து எடுக்காதீர்கள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே தையல் டேப்பைச் சுற்றி, தலையின் சுற்றளவை வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. வாரைப் பூட்டிய பின் பின்பக்கமிருந்து தூக்கினால் கழன்று வரக் கூடாது. என் மகனுக்கு 58 சென்டிமீட்டர். மூன்றாவது கடையில்தான் சரியாகக் கிடைத்தது.