ஒழுங்கைக்குள் ஒரு வளவு

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது, என் அன்னையார் எட்டுப் பரப்பு வளவொன்றை விட்டு வந்தார். மறு ஆண்டு அவரை வெள்ளவத்தையில் நான் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்கு அழைத்து வந்தேன். வீட்டின் பின்புறத்தே நாற்பத்தைந்தடி நீளமும் எட்டடி அகலமும் கொண்ட நிலத்துண்டு ஒன்று இருந்தது. இருமருங்கும் உயர்ந்த மதில்கள். அதைக் கண்ட அம்மா, “இதென்ன தம்பி, ஒழுங்கையைக் கொண்டந்து வீட்டுக்குப் பின்னாலை விட்டிருக்கிறாங்கள்?” என்றார்.

அவர் நகைச்சுவையாகத்தான் சொன்னார். ஆயினும், காலையில் எழுந்து முற்றம் கூட்டி, வேலியோரம் நடந்து, மரங்களை ஒருமுறை பார்த்து வருவதையே வாழ்வின் ஒழுங்காகக் கொண்டிருந்தவர் அவர். இங்கோ முப்பதாவது காலடியில் மதில் வந்து மறித்தது. சில நாட்களில் அவர் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார். அறைக்குள் அவர் சுவரைப் பார்த்தபடி அமர்ந்திருந்த காட்சி என்னை உறுத்தியது. அந்நிலத்தைத் தோட்டமாக்குவதென்று தீர்மானித்தேன்.

முதல் முயற்சி முழுத் தோல்வியாயிற்று. நடுவே நேராக ஒரு சீமெந்துப் பாதை இட்டேன். இரு மதிலோரமும் பூச்சாடிகளை அணிவகுத்து வைத்தேன். விளைவு என்ன? புகையிரதப் பெட்டியின் நடைபாதை போலாயிற்று. நேர்கோடு கண்ணை இழுத்துச் சென்று ஒரே கணத்தில் கடைசி மதிலில் மோதவைக்கிறது. இடம் முழுவதையும் ஒரே பார்வையில் கண்டுவிட்டால், நடந்து பார்க்க என்ன இருக்கிறது?

பின்னரே சிலவற்றைத் தேடிப் படித்தேன். ஜப்பானின் கியோத்தோ நகரத்துப் பழைய வணிகர் வீடுகள் முகப்பில் குறுகி உள்ளே நெடிது நீள்பவை. அவற்றை ‘விலாங்கின் படுக்கை’ என்று அந்நாட்டார் வேடிக்கையாகச் சொல்வர். ஒளியும் காற்றும் புக வேண்டி, அவ்வீடுகளினுள்ளே சின்னஞ்சிறு தோட்டங்களை அமைத்தனர். ‘சுபோநிவா’ என்பது அவற்றின் பெயர். ‘சுபோ’ என்ற நில அளவு ஏறக்குறைய ஆறடிக்கு ஆறடி. நம் கொழும்பிலேயே கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒன்றாக்கி, இடையிடையே வானம் தெரியும் முற்றங்களை வைத்துத் தம் இல்லத்தை அமைத்தார். ஏழு சீர்களில் எழுந்த குறளைப் பயிற்றும் ஆசிரியனான எனக்கு, இடத்தின் சிறுமை குறையன்று என்பது அப்போதுதான் உறைத்தது.

சீமெந்தைப் பெயர்த்தெடுத்தேன். நிலத்தை மூன்றாகப் பகுத்தேன். பாதையை இடப்புற மூலையில் தொடக்கி, குறுக்காக வலப்புறம் செலுத்தினேன். செங்கற்களையும் சாய்வாகவே பதித்தேன். சாய்ந்த கோடு கண்ணை இரு பக்கமும் அலையவிடும். அகலம் கூடியதாகத் தோன்றும். பாதை திரும்புமிடத்தில் அரைப்பங்கு மறைப்பாக ஒரு முல்லைப் பந்தர். அதைக் கடந்தால்தான் அடுத்தது புலப்படும். நடுவில் ஏழடி விட்டத்தில் வட்டமாக மணல் பரப்பினேன். வட்டத்துக்கு நீளமென்றும் அகலமென்றும் வேறுபாடில்லையன்றோ! அங்கு ஒரு செடியும் நடவில்லை. அது அம்மா கூட்டுவதற்கான முற்றம்.

அண்மையில் வாழையும் செவ்வரத்தையும் வைத்தேன். தொலைவில் சிற்றிலைப் பன்னங்களும் நீலச் சங்குப்பூவும். பேரிலையும் செந்நிறமும் நம்மை நோக்கி வருவன போலிருக்கும்; சிற்றிலையும் நீலமும் விலகிச் செல்வன போலிருக்கும். கடைசி மதிலைக் கொடிகளால் முற்றாக மூடினேன். எல்லை தெரியாவிடில் மனம் எல்லை வகுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மதிலுக்கு அப்பால் அயலவரின் மாமரம் ஒன்று நின்றது. சருகு விழுகிறதென்று அதன் கிளைகளை வெட்டும்படி நானே முறையிட்டிருந்தேன். தொலைவிலுள்ள மலையையும் மரத்தையும் தம் தோட்டத்தின் பகுதியாகக் கொள்வது ஜப்பானியர் வழக்கம். கியோத்தோவின் எந்சூஜி ஆலயத் தோட்டம் ஹியெய் மலையை அவ்வாறே இரவல் கொண்டிருக்கிறது. இதைப் படித்த அன்றே வெட்கத்துடன் அயலவரிடம் சென்று, கிளைகளை வெட்டவேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார், மரம் தப்பியது. கொடிமூடிய மதிலும் மாமரமும் ஒன்றாகி, எங்கள் நிலம் அம்மரத்தின் அடிவரை செல்வதுபோல் தோன்றிற்று.

ஆறேழு மாதங்களில் முல்லை பந்தரை மூடியது. அம்மா விளக்குமாறுடன் வெளியே வரத் தொடங்கினார். ஒரு மாலை, மணலைக் கூட்டி முடித்து நிமிர்ந்தவர், மாமரப் பக்கம் பார்த்துக் கேட்டார்: “தம்பி, அங்காலையும் எங்கடை காணி கிடக்குதோ?”

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. அவரும் காத்திருக்கவில்லை, பாதை வழியே மெல்ல நடந்து, பந்தருக்கு அப்பால் மறைந்துவிட்டார்.