செம்பைச் சுடும் ஒளி, வழிமறிக்கும் வாயு

செம்புத் தகட்டின் மேல் துடிப்பு லேசரைக் குவித்தால் பள்ளம் விழும். எவ்வளவு ஆழம்? லேசரின் ஆற்றலும் செம்பின் உருகுநிலையும் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அது போதாது. தகட்டைச் சுற்றி எந்த வாயு, எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அகச்சிவப்பு லேசரின் ஒரு துடிப்பு 5 நானோ வினாடி நீடிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் ஒளியே ஒன்றரை மீட்டர்தான் ஓடும். அகச்சிவப்பு ஒளியில் பெரும்பகுதியைச் செம்பு திருப்பி அனுப்பிவிடுகிறது. மிஞ்சியதை மேற்பரப்பின் எலக்ட்ரான்கள் வாங்கிக்கொண்டு, அடுத்த கணமே அணுக்களுக்குச் சூட்டைக் கொடுக்கின்றன. சூடு உள்ளே இறங்குவது ஏறத்தாழ ஒரு மைக்ரான். அந்த மெல்லிய படலம் 1,085 டிகிரியில் உருகி, கொதிநிலையான 2,562 டிகிரியையும் தாண்டி ஆவியாகச் சீறுகிறது.

வெளியே வாயு வழிமறிக்கிறது. ஆவி தள்ளத் தள்ள வாயு இறுகி, அதிர்ச்சி அலையாகப் பாய்கிறது. ஆவியில் ஒரு பங்கு தகட்டிலேயே திரும்பிப் படிகிறது. லேசர் இன்னும் ஓயவில்லை. ஆவியிலுள்ள எலக்ட்ரான்கள் அந்த ஒளியை உறிஞ்சி, அணுக்களை மோதி, மேலும் எலக்ட்ரான்களைக் கழற்றுகின்றன. பத்தாயிரம் டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மா உருவாகி, தகட்டுக்குக் குடை பிடித்ததுபோல் பின்னால் வரும் ஒளியைத் தடுக்கிறது. ஆற்றலை இருமடங்காக்கினால் பள்ளமும் இருமடங்காகும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இத்தனையையும் ஒரே கணக்கில் கோக்க வேண்டும். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் அன்னமி போகார்ட்ஸ் குழுவினர் 2000களின் தொடக்கத்தில் இதைச் செய்தார்கள். வளிமண்டல அழுத்தமுள்ள ஹீலியத்தில் செம்புத் தகடு. சதுர சென்டிமீட்டருக்கு நூறு கோடி வாட் அளவில் லேசர். உலோகத்தின் வெப்பநிலை ஆவியின் அளவைத் தீர்மானிக்கிறது, ஆவி பிளாஸ்மாவாகிறது, பிளாஸ்மா விட்டுவைத்த ஒளிதான் மறுபடி உலோகத்தைச் சுடுகிறது. இந்தச் சுழற்சியைக் கணினி மிகச் சிறு காலத்துண்டுகளாக வெட்டித் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறது. எத்தனை அணுக்கள் அயனியாகின என்று சொல்லும் சமன்பாடு நம் நாட்டு இயற்பியலாளர் மேக்நாத் சாகா 1920இல் சூரியனின் நிறமாலையை விளக்க எழுதியது. விண்மீன்களுக்காகப் பிறந்த சமன்பாடு செம்புத் தகட்டுக்கும் பொருந்துவது உண்மையிலேயே பெருமைக்குரியது.

அதிர்ச்சி அலைக்கும் அப்படியொரு முன்கதை உண்டு. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோவில் வெடித்த முதல் அணுகுண்டின் தீப்பந்து எப்படி விரிந்தது என்பதைப் புகைப்படங்களில் அளந்தே, அதன் ஆற்றலைப் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் கணித்தார். அவர் பயன்படுத்திய சூத்திரமே, லேசர் பட்ட இடத்தில் எழும் மில்லிமீட்டர் அளவு அலைக்கும் பயன்படுகிறது.

வாயுவை மாற்றினால் விளைவு கண்ணுக்கே தெரியும். ஆர்கானில் சுட்டால் பள்ளத்தைச் சுற்றி நுண்துகள் வளையமாகப் படிகிறது. ஹீலியத்தில் அந்தப் படிவு வெகுவாகக் குறைகிறது. ஹீலியம் இலகுவானது, எளிதில் அயனியாகாதது. உலோகத்தைத் துகளாக்கிப் பகுப்பாய்வுக் கருவிக்கு அனுப்பும் ஆய்வகங்கள் அதை விரும்புவது இதனால்தான்.

இந்தக் கணினி மாதிரிகள் இன்னும் முழுமையாகிவிடவில்லை. உருகிய உலோகம் துளிகளாகத் தெறிப்பதைக் கணக்கில் சேர்ப்பது கடினம். ஆவியை மட்டும் எண்ணினால், துளி தெறிக்கும் இடங்களில் பள்ளம் உண்மையைவிட ஆழம் குறைந்தே வரும்.

சுற்றியுள்ள வாயு எவ்வளவு என்ற கேள்வி விண்வெளியிலும் எழுகிறது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் பிரக்யான் ஊர்தி லேசரால் நிலவின் மண்ணைச் சுட்டு, எழுந்த பிளாஸ்மாவின் ஒளியைக் கொண்டு கந்தகம் இருப்பதை உறுதிசெய்தது. அங்கே ஆவியைத் தடுக்கக் காற்றே இல்லை. செவ்வாயில் பூமியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தமே உண்டு. பிளாஸ்மா பெரிதாக விரிந்து பளிச்சென ஒளிர அது தோதானது. 2012இல் அங்கே இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் லேசர் கருவிக்காக, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் செவ்வாயின் அழுத்தத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கலத்தில் பாறை மாதிரிகளை வைத்துச் சுட்டுத்தான் அளவுகளைச் சரிபார்த்தார்கள்.