மின்சார மோட்டாரும் பழவேற்காட்டு வலைஞரும்

1919-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்தில் தோன்றிய சித்ரோன் மோட்டார் கம்பெனி, பெட்ரோல் யந்திரத்தை நம்பியே வெகுகாலம் ஜீவித்தது. அதன் இன்றைய தாய் ஸ்தாபனமாகிய ஸ்டெல்லாண்டிஸ், நமது திருவள்ளூர்த் தொழிற்சாலையில் மின்சார வண்டி செய்யத் தொடங்கி 2023-இல் அதை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2024 ஏப்ரலில் அவ்வண்டிகளில் 500 எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்தில் இந்தோனேஷியாவுக்குக் கப்பலேறின. ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் ஆலையும் 2025-இல் தன் மின்சாரக் கிரெட்டாவை வெளியிட்டது. மறைமலைநகர் ஃபோர்டு கம்பெனியோ 2022-இல் மின்சார வண்டி யோசனையையும் கைவிட்டு, மோட்டார் உற்பத்தியையும் நிறுத்தியது. 2025-இல் மீண்டும் யந்திரங்கள் செய்ய ஒப்பந்தம் எழுதியிருக்கிறது. எந்த யந்திரம் லாபமென்பதை முதலாளிகள் தீர்மானித்துக்கொள்ளட்டும். நமது கேள்வி வேறு.

அந்த 500 வண்டிகள் ஏறிய துறைமுகம் எது? பக்கத்திலுள்ள அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதற்காகவே திட்டமிடப்பட்டு, 2001-இல் திறக்கப்பட்ட துறைமுகம் அது. அங்கே வடசென்னை நிலையத்தின் முதலிரு கட்டங்கள் 1,830 மெகாவாட்; வல்லூர் நிலையம் 1,500 மெகாவாட்; 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட மூன்றாங் கட்டம் 800 மெகாவாட். சென்னைத் தெருவில் ஓடும் மின்சார வண்டிக்குப் புகைக்குழாய் இல்லையென்பது மெய்தான். ஆனால் காற்றாலை ஓய்ந்து, சூரியனும் மறைந்த இரவில் அந்த வண்டிக்கு மின்சாரம் ஏற்றுங்கால், அதன் புகைக்குழாய் பெரும்பாலும் அனல்மின் நிலையங்களில்தான் நிற்கிறது. எரிந்த கரியின் சாம்பல் நீரிற் கலந்து, குழாய் வழியே செப்பாக்கத்துக் குட்டைக்குப் போகிறது. அக்குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றைத் தூர்த்த கதையைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்து, சீர்திருத்தம் செய்யும்படி 2022-இலேயே உத்தரவிட்டது.

மின்சார வண்டி வேண்டாமென்று நாம் வாதிக்கவில்லை. கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்குமேல் அந்நியரிடம் வாங்கும் தேசம் இது. பெட்ரோல் யந்திரமோ உண்ட எண்ணெயில் பெரும்பகுதியை வெறும் வெப்பமாக விரயம் செய்கிறது. அன்றியும், 2023 டிசம்பர்ப் பெருமழையில் மணலிச் சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வலையையும் தோணியையும் கறுப்பாக்கிற்று. பழைய எரிபொருளின் எண்ணெயும், புதிய சக்தியின் சாம்பலும் ஒரே ஜனங்களின் வாசலில் வந்து விழுகின்றன.

அக்கழிமுகத்தைப் பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கே பழவேற்காட்டு ஏரியோடு இணைக்கிறது. இடையில் இருப்பது காட்டுப்பள்ளி. அங்குள்ள துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்குமேல் விரிக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர் அதை எதிர்த்துப் போராடி வருகின்றனர். அந்த ஏரியில் ‘பாடு’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாமென்று கிராமத்தார் தாமே முறை வகுத்து, சீட்டுப்போட்டுப் பகிர்ந்துகொள்கிறார்கள். வக்கீல்கள் நாம் பல வருஷம் வாதாடியும் எட்டமுடியாத சமாதானத்தை அவர்கள் ஒரு சீட்டில் எட்டிவிடுகிறார்கள்! ஆனால் எண்ணூருக்கு நேர்ந்தது ஏரிக்கும் நேர்ந்தால், சீட்டில் விழுந்த நீரிடத்துக்குப் பதிலிடம் எந்த நியாயஸ்தலம் கொடுக்கும்?

2023-ஆம் வருஷத்து மின்சார வாகனக் கொள்கையின்படி, மோட்டார் முதலாளிகளுக்கு வரியைத் திருப்பித் தருதல், மூலதன மானியம் முதலிய சலுகைகளைச் சர்க்கார் அளிக்கிறது. ஜனங்களின் பணத்தைப் பெறுகிறவர், தம் ஆலைக்கும் தம் வண்டிகள் மின்சாரம் ஏற்றும் நிலையங்களுக்கும் காற்றாலை, சூரிய மின்சாரத்தையே வாங்க வேண்டுமென்று ஒரு நிபந்தனை சேர்ப்பதில் என்ன தடை? அந்த ஒப்பந்தப் பேச்சில் கொசஸ்தலையாற்று, பழவேற்காட்டுக் குப்பங்களின் பிரதிநிதிகளும் ஒரு கட்சியாகச் சேர்க்கப்படவேண்டும். சட்டசபையில் திருவள்ளூர் ஜில்லா அங்கத்தினர்கள் இதை வரும் மானியக் கோரிக்கையிலேயே எழுப்பலாம்.