மகளின் வீட்டைக் காப்பாற்ற முன் கணக்கைப் பாருங்கள்

சென்ற மாதம் ஒருநாள் கடை பூட்டும் நேரத்தில் வேலணையைச் சேர்ந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். 1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்படுவதற்கு முன்பு என் வாப்பாவிடம் சாமான் எடுத்தவர். நாங்கள் திரும்பி வந்து கடை திறந்தபோது முதலில் வந்து கணக்குத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அன்று அவர் சாமான் வாங்க வரவில்லை.

"நானா, ஒரு யோசனை கேக்க வந்தனான்" என்று கதிரையில் அமர்ந்தார்.

மகளும் மருமகனும் உத்தியோகம் பார்ப்பவர்கள். கலியாணத்துக்குப் பிறகு வேலணையில் ஒரு வீடு வாங்கினார்கள். தகப்பன் 25 இலட்சம் ரூபா கொடுத்தார். மீதிக்கு இருவரும் சேர்ந்து வங்கியில் வீட்டை ஈடுவைத்துக் கடன் எடுத்தார்கள். உறுதியும் இருவர் பெயரில்தான். இப்போது குடும்பம் பிரிந்துவிட்டது. மருமகன் ஒன்பது மாதமாகத் தன் பங்குத் தவணையைக் கட்டவில்லை. மகள் இரண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டில் இருக்கிறாள். வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது.

"கையில 20 இலட்சம் இருக்கு. நாளைக்கே கொண்டுபோய் வங்கியில கட்டப்போறன். போதாட்டிக் கடையை ஈடு வைப்பன்" என்றார்.

"அண்ணை, நாளைக்குக் கட்டாதேங்கோ. முதலில் கணக்குப் பார்ப்பம்" என்றேன். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அன்று எழுதிய கணக்கைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்கிறேன். சாதி சமயம் எதுவானாலும், பிள்ளைக்காகக் காசு எடுத்து நீட்டும் தகப்பன்மார் எல்லோருக்கும் இது பொருந்தும்.

அவசரத்தில் போகும் பத்து இலட்சம்

வீட்டின் இன்றைய பெறுமதி 120 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடன் மீதி 48 இலட்சம். கடனைக் கழித்தால் 72 இலட்சம். உறுதியில் இருவருக்கும் சரிபாதி என்றால் மருமகனின் பங்கு 36 இலட்சம்.

இப்போது தகப்பன் 20 இலட்சத்தை வங்கியில் கட்டிவிடுகிறார். கடன் 28 இலட்சமாகக் குறைகிறது. வீட்டின் நிகரப் பெறுமதி 92 இலட்சமாகிறது. அதில் பாதி 46 இலட்சம். அதாவது, தகப்பன் கட்டிய 20 இலட்சத்தில் பத்து இலட்சம் பிரிந்துபோன மருமகனின் பங்கில் சேர்ந்துவிட்டது. மகள் அவருடைய பங்கை வாங்கப்போகும்போது அந்தப் பத்து இலட்சத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டிவரும். பிறகு நீதிமன்றத்தில் வாதாடித் திரும்பப் பெறலாம் என்பது வேறு கதை. அதற்கு எத்தனை வருடம் போகும் என்று வழக்குப் பேசியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே முதலாவது விடயம் இதுதான். பங்குக் கணக்கு எழுத்தில் முடியும்வரை பெருந்தொகை கட்டக்கூடாது. வங்கி நடவடிக்கை எடுக்காமல் இருப்பதற்குத் தேவையான நிலுவைத் தவணையை மட்டும் கட்டவேண்டும். அதையும் மகளின் கணக்கிலிருந்து, மகளின் பெயரில் பற்றுச்சீட்டு எடுத்துக் கட்டவேண்டும்.

வங்கிக்குக் குடும்பச் சண்டை தெரியாது

கூட்டுக் கடன் பத்திரத்தில் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று ஒரு வாசகம் இருக்கும். கையெழுத்து வைக்கும்போது யாரும் அதை வாசிப்பதில்லை. அதன் கருத்து, முழுக் கடனையும் வங்கி யாரிடமும் கேட்கலாம் என்பது. "என் பாதியைக் கட்டிவிட்டேன்" என்று மகள் சொல்ல முடியாது. மாவட்ட நீதிமன்றம் விவாகரத்துக் கொடுத்தாலும், காதி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னாலும், அதனால் மட்டும் கடன் பத்திரத்திலுள்ள ஒரு பெயர் அழிந்துவிடாது. தவணை பிந்தினால் கிரிப் என்று நாம் சொல்லும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் இருவர் பெயரிலும் அது பதியும். பிறகு மகள் தனியாகக் கடன் கேட்கப்போனால் அந்த அறிக்கைதான் முன்னால் நிற்கும்.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கிகள் வழக்குப் போடாமலே பணிப்பாளர் சபையின் தீர்மானத்தைக் கொண்டு ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம். 'பராட்டே' என்று வியாபாரிகள் நடுங்கும் அதிகாரம் இதுதான். 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, எடுத்த முதல் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்தால் இந்த வழியில் போக முடியாது. வங்கி நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். ஆகவே கடன் எவ்வளவு எடுத்தது என்பதைப் பத்திரத்தில் பாருங்கள். உங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பது அதில் தெரியும்.

யாருக்கு எந்தச் சட்டம்

அந்த வேலணைக்காரருக்குத் தேசவழமை பொருந்தும். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1707இல் தொகுத்து, 1806இல் ஆங்கிலேயர் ஏற்றுக்கொண்ட சட்டம் அது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் இன்று அதனோடு சேர்ந்து நடக்கின்றன. அதன்படி சீதனம் பெண்ணின் தனிச்சொத்து. கலியாணத்துக்குப் பின் விலை கொடுத்து வாங்கிய சொத்து தேடியதேட்டம். அதில் இருவருக்கும் பாதிப்பாதி. ஆனால் தனிச்சொத்தைக் கொண்டு வாங்கிய அளவு தேடியதேட்டம் ஆகாது. ஆகவே தகப்பன் கொடுத்த 25 இலட்சம் சீதனக் காசு என்று நிரூபிக்க முடிந்தால் மகளின் பக்கம் பலம் கூடும். "காசோலையா, கைக்காசா?" என்று கேட்டேன். "கைக்காசுதான் நானா, ஆர் அப்ப இதை நினைச்சது?" என்றார்.

நம்மவர்களுக்கு நிலைமை வேறு. முஸ்லிம் சட்டத்தில் கணவன் மனைவிக்குப் பொதுச்சொத்து என்று ஒன்று தானாக உண்டாவதில்லை. உறுதி யார் பெயரில், காசு யாருடையது என்பதுதான் கேள்வி. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டப்படி மஹரையும், மணமகளுக்காக மாப்பிள்ளையிடம் கொடுத்த கைக்கூலியையும் காதி நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் கைக்கூலி என்று சட்டம் சொல்வது பணத்தையும் அசையும் பொருளையும்தான். காணி, வீட்டுப் பிணக்குக்கு மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு முஸ்லிம் எழுதும் நன்கொடை உறுதி, 'மீட்க முடியாதது' என்று அந்த உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தால் ஒழிய மீட்க முடியாததாகக் கொள்ளப்படாது. மகளுக்கு வீடு எழுதுகிறவர்கள் இந்த ஒரு சொல்லை நொத்தாரிசிடம் கேட்டு, விளங்கி, வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானியுங்கள். இந்த ஒரு சொல் இருப்பதும் இல்லாததும் பிற்காலத்தில் பெரிய வித்தியாசம்.

தீவகத்து உறுதியைத் திறந்து பாருங்கள்

ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எங்கே போனாலும் காணிகளில் ஒரு சிக்கல் உண்டு. பிரிபடாத பங்கு, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரித்து என்று உறுதி நீண்டுகொண்டு போகும். நல்ல தண்ணீர் அருமையான தீவுகளில் கிணற்றுப் பங்கு இல்லாத வீட்டுக்கு விலையும் இல்லை. பங்காளிகளில் ஒருவர் இலண்டனில், ஒருவர் ரொறன்ரோவில் இருப்பார். மருமகனின் பங்கை வாங்க முன் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் தோம்பைப் பார்த்து, வேறு ஈடோ வழக்கோ பதிந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். புதிய உறுதி எழுதியதும் தாமதிக்காமல் பதியுங்கள். பதியாத உறுதியைப் பின்னால் வந்து முந்திப் பதிந்த உறுதி வென்றுவிடக்கூடும். காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளோடு எழுத்தில் இருக்கவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். "அவர் வாயால் விட்டுத்தந்தவர்" என்பது காணி விடயத்தில் செல்லாது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களும் கவனிக்கவேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், கலியாணத்துக்குப் பின் பெற்றோர் கொடுத்த நன்கொடை பொதுவாகப் பிரிவினைக் கணக்கில் சேராது. ஆனால் அந்தக் காசு குடும்பம் வசிக்கும் வீட்டுக்குள் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இங்கிருந்து காணி விற்று மகளின் வீட்டுக்கு முற்பணம் அனுப்புகிறவர்கள், அனுப்ப முன் அங்குள்ள சட்டத்தரணியைக் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் காசுக்கு ஒரு பெயர் வையுங்கள்

தகப்பன் கொடுக்கும் காசு மூன்றில் ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று, மகளுக்கு மட்டும் நன்கொடை. இரண்டு, மகளுக்குக் கொடுக்கும் கடன். நம்மிடையே வட்டியில்லாத அழகிய கடன். மூன்று, வீட்டில் தகப்பனுக்கும் ஒரு பங்கு. எது என்று எழுதாமல் கொடுத்தால், பிரியும்போது மருமகன் ஒன்று சொல்வார், மகள் ஒன்று சொல்வாள், உங்கள் மற்றப் பிள்ளைகள் வேறொன்று சொல்வார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. வாடிக்கையாளருக்கு ஐந்நூறு ரூபாக் கடனுக்குப் பில் எழுதுகிற நாம், மகளுக்கு இருபது இலட்சம் கொடுக்கும்போது ஏன் எழுதுவதில்லை? மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தால், வாரிசுப் பிரிவினையில் மனஸ்தாபம் வராது.

அடுத்தது, கடையில் கை வைக்காதீர்கள். கடை முதல் உங்கள் ஒருவருடைய காசு மட்டும் அல்ல. மொத்த வியாபாரியின் சாமானும், வேலைக்காரர்களின் சம்பளமும் அதற்குள் இருக்கின்றன. மகளின் கடனுக்குக் கடையை ஈடுவைத்தால், ஒரு வீட்டுக்கு வந்த ஆபத்தை இரண்டு வீட்டுக்கு ஆக்குகிறீர்கள். பிணைக் கையெழுத்தும் அப்படியே.

எந்த ஒழுங்கில் செய்வது

முதலில் வங்கியிடம் கடன் மீதியையும் நிலுவையையும் எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு வீட்டை மதிப்பிடுங்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பற்றுச்சீட்டுகளை அடுக்குங்கள். அதன்பின் பெரியவர்கள் முன் பேசி, சட்டத்தரணி மூலம் பங்கின் விலையை எழுதுங்கள்.

மகள் தனியாகக் கடனைத் தாங்குவாளா என்றும் பாருங்கள். உதாரணத்துக்கு 12 வீதத்தில் 15 வருடத்துக்கு 48 இலட்சம் என்றால் மாதம் சுமார் 57,600 ரூபா. 28 இலட்சம் என்றால் சுமார் 33,600 ரூபா. இதைவிட மருமகனுக்குக் கொடுக்கும் பங்குக் காசு வேறு. அவள் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாங்கும் என்றால், வங்கியின் சம்மதத்தோடு எல்லாவற்றையும் ஒரே நாளில் முடியுங்கள். மருமகனின் பங்கை மகளுக்கு எழுதும் உறுதி, அவரைக் கடனிலிருந்து விடுவிக்கும் கடிதம், மகள் பெயரில் மட்டும் புதிய ஈடு, தகப்பனின் காசு எல்லாம் ஒரே மேசையில் கைமாறவேண்டும். பங்கை எழுதித் தந்தும் கடனில் பெயர் நின்றால் மருமகனுக்கு அநியாயம். காசு வாங்கியும் பங்கை எழுதாவிட்டால் மகளுக்கு அநியாயம்.

தாங்காது என்றால், அதையும் மகளிடம் சொல்ல வேண்டியது தகப்பனின் கடமை. இருவரும் சேர்ந்து நல்ல விலைக்கு விற்றால் கையில் ஏதாவது மிஞ்சும். ஏலத்துக்குப் போனால் அதுவும் மிஞ்சாது.

அந்த வேலணைக்காரர் பில் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் நிலுவைத் தவணையை மட்டும் மகள் பெயரில் கட்டினார். பிறகு சட்டத்தரணியிடம் போனார். போன கிழமை கடைக்கு வந்தபோது பேச்சு நடந்துகொண்டிருந்தது. வீடு மகளுக்கு நிற்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்த 20 இலட்சமும் முழுசாக அவர் கையில் இருக்கிறது. கடையும் ஈடில்லாமல் திறந்திருக்கிறது.