போலாம் ரைட்!

தென்சென்னைப் புறநகரில் பேசப்படும் தமிழில் ஆங்கிலம் கண்டபடி கலப்பதில்லை. அந்தக் கலப்புக்கும் ஓர் இலக்கணம் உண்டு. தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே எந்த டீக்கடையிலும் காலையில் காதில் விழும் வாசகம் இது: "அண்ணா, ஸ்ட்ராங்கா ஒரு டீ, சுகர் கம்மி." இதில் 'ஸ்ட்ராங்', 'டீ', 'சுகர்' மூன்றும் ஆங்கிலம் கொண்டுவந்தவை. 'கம்மி' பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக இங்கே வந்தது. தமிழ் என்று மிஞ்சுபவை 'அண்ணா', 'ஒரு', பிறகு 'ஸ்ட்ராங்'கின் வாலில் ஒட்டிய 'ஆ'. ஆனாலும் கேட்பவர் யாரும் இதை வேற்றுமொழி வாக்கியம் என்று சொல்ல மாட்டார்கள். ('சுகர்' வேண்டாம், 'சர்க்கரை' என்று சொல்லுங்கள் எனத் திருத்துபவருக்கு ஒரு தகவல்: இரண்டுக்கும் மூலம் ஒரே வடசொல்தான். ஒன்று நேராகத் தமிழுக்கு வந்தது. மற்றது பாரசீகம், அரபி, ஐரோப்பா என்று சுற்றிவிட்டு வந்தது.)

ஆங்கில வினைச்சொல் தமிழுக்குள் தனியாக நுழைவதில்லை. அதற்குப் 'பண்ணு' துணை வேண்டும். 'கேன்சல் பண்ணிட்டேன்', 'கேன்சல் பண்ணுவாங்க', 'கேன்சல் பண்ணாதீங்க' என்று காலமும் இடமும் எதிர்மறையும் மரியாதையும் 'பண்ணு' மேல் ஏறுகின்றன. 'கேன்சல்' வளையாமல் நிற்கிறது. தானாக நடப்பதற்கு 'ஆகு' வரும்: 'டிரெயின் லேட் ஆயிடுச்சு.' வேறு சில சொற்கள் வேறு வினைகளைத் தேடும். பிரேக் போட வேண்டும், கம்ப்ளைண்ட் கொடுக்க வேண்டும், போனில் சார்ஜ் ஏற வேண்டும். எதற்கு எந்த வினை என்று எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. தமிழிலேயே வளர்ந்தவருக்கு அது தடுமாறாமல் வருகிறது. உருது பேசுவோரும் இந்தி பேசுவோரும் இதே வேலைக்குக் 'கர்னா' என்ற வினையை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் கலந்து பேசுவதால் தாய்மொழி கெடுகிறது என்ற மனக்குறையும் அவர்களிடம் உண்டு.

ஒலியிலும் தமிழ் தன் விதியை விடுவதில்லை. பஸ் 'பஸ்ஸு' ஆகிறது, கப் 'கப்பு' ஆகிறது. பிறகு 'பஸ்ஸுல', 'கப்புக்கு' என்று வேற்றுமை உருபுகளை ஏற்கிறது. வண்டி புறப்பட நடத்துநர் சொல்லும் 'போலாம் ரைட்' பாதி தமிழ், பாதி ஆங்கிலம். நிறுத்துவதற்கு அவர் சொல்லும் 'ஹோல்டான்' ஆங்கிலத்தில் இரண்டு சொல். நடத்துநர் வாயில் எப்போதோ ஒன்றாகிவிட்டது.

இந்தப் பகுதியின் ஊர்ப்பெயர்களே கலப்புக்குச் சான்று. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய குரோம் தோல் ஆலையால் வந்த பெயர் குரோம்பேட்டை. காசநோய் மருத்துவர் சௌரிமுத்து 1928இல் நிறுவிய மருத்துவமனையால் ஒரு ரயில் நிலையத்துக்கே 'தாம்பரம் சானடோரியம்' என்று பெயர். இன்று அதே சானடோரியத்தில்தான் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம், ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து, ஊர் வாயில் 'மெப்ஸ்'. கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோடு, நடுவே ஜி.எஸ்.டி. ரோடு, அந்தப் பக்கம் ஓ.எம்.ஆர். பழைய மாமல்லபுரம் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்று அரசு பெயர் மாற்றியும், ஷேர் ஆட்டோக்காரர் 'ஓ.எம்.ஆர்.' என்றுதான் கூவுகிறார்.

இத்தனைக்கும் நடுவில்தான் பல்லாவரம் இருக்கிறது. 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இன்று அதுவும் ஒரு பகுதி. தனித்தமிழ் இயக்கம் பிறந்த ஊர் அது.

அந்த இயக்கத்துக்கு முன்பே, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார் 1899இல் வெளியிட்ட தனிப்பாசுரத் தொகை நூலுக்குத் தம் பெயரைத் தமிழாக்கிப் 'பரிதிமாற் கலைஞர்' என்று போட்டுக்கொண்டார். அந்தக் கல்லூரியில் 1898இல் ஆசிரியராகச் சேர்ந்தவர் நாகப்பட்டினத்து வேதாசலம். அப்போது கல்லூரி பட்டணத்துக்குள் இருந்தது. தாம்பரத்துக்கு வந்தது 1937இல். வேதாசலம் அதற்கு முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டார். 1911இல் கல்லூரிப் பணியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார்.

1916இல் அங்கே நடந்ததாக அவர் மகள் நீலாம்பிகை பின்னாளில் சொன்ன செய்தி பலரும் அறிந்தது. அப்போது அவருக்கு வயது 13. வள்ளலார் பாடல் ஒன்றைப் பாடிக்கொண்டிருந்த தந்தை, அதில் 'தேகம்' என்று வரும் இடத்தில் 'யாக்கை' என்று இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்றார். அப்படியானால் நாமே ஏன் தூய தமிழில் பேசக்கூடாது என்று மகள் கேட்க, இருவரும் அன்றிலிருந்து அப்படியே பேசுவது என்று முடிவு செய்தார்கள். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவருடைய 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆனது. 'சமரச சன்மார்க்க நிலையம்' 'பொதுநிலைக் கழகம்' ஆனது. வடசொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களை நீலாம்பிகை அகராதியாகவே தொகுத்தார்.

அடிகளுக்கு ஆங்கிலத்தின் மேல் பகை இல்லை. தம் தமிழ் நூல்களுக்கு நீண்ட ஆங்கில முன்னுரைகள் எழுதினார், ஆங்கிலத்தில் இதழும் நடத்தினார். தமிழோடு ஆங்கிலச் சொல்லைக் கலப்பதைத்தான் அவர் ஏற்கவில்லை. ஆனால் அன்றைய போராட்டம் முதன்மையாக வடசொல்லோடு. ஆங்கிலம் அப்போது அத்தனை வீடுகளுக்குள் வரவில்லை.

வடசொல்லோடு நடந்த போராட்டத்தில் தனித்தமிழ் வென்றது. நூறு ஆண்டுக்கு முந்தைய கூட்ட அழைப்பிதழில் 'அக்கிராசனர்', 'காரியதரிசி', 'பொக்கிஷதார்', 'உபந்நியாசம்' என்று இருந்த இடங்களில் இன்று தலைவர், செயலாளர், பொருளாளர், சொற்பொழிவு. 'அபேட்சகர்' வேட்பாளர் ஆனார், 'சர்வகலாசாலை' பல்கலைக்கழகம் ஆனது, 'நமஸ்காரம்' வணக்கம் ஆனது. திராவிட இயக்க மேடைகளும் நாளிதழ்களும் தேர்தல்களும் இந்தச் சொற்களை ஊர் ஊராகக் கொண்டுபோயின. அதனால்தான் தேர்தல் நேரத்தில் டீக்கடையில் நடக்கும் வாதம் 'கூட்டணி', 'தொகுதி', 'வேட்பாளர்' என்று பெரும்பாலும் தமிழிலேயே நடக்கிறது. அங்கேயும் 'ஓட்டு', 'சீட்டு' உண்டு என்பது வேறு விஷயம்.

தமிழ் கடன் வாங்காத காலமும் இல்லை. திசைச்சொல், வடசொல் என்று வெளிச்சொற்களுக்குத் தொல்காப்பியமே இடம் ஒதுக்கியிருக்கிறது. வைணவ உரையாசிரியர்கள் மணிப்பிரவாளம் என்ற கலப்பு நடையிலேயே எழுதினார்கள். ஜன்னல், சாவி, அலமாரி, ஏலம் ஆகியவை போர்த்துகீசியம். வக்கீல், ஜாமீன், வசூல், தாசில்தார் எல்லாம் பாரசீகமும் அரபியும் கலந்து வந்த ஆட்சிமொழியின் மிச்சம். ஆக, சொல் கடன் வாங்கியதாலேயே தமிழ் அழியும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

ஆங்கிலம் இந்த அளவுக்குப் பெருகியதற்குக் காரணங்களைப் பட்டணத்து வாழ்க்கையில் தேட வேண்டும். கடற்கரை முதல் தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ரயில், ராணுவம், ஆலை, பிறகு கணினி நிறுவனம் என்று இந்தப் பகுதிக்கு வந்த வேலைகள் எல்லாமே ஆங்கிலச் சொற்களோடு வந்தன. அரசியலும் சேர்ந்துகொண்டது. 1937லும் 1965லும் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பிறகு, 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. தமிழும் ஆங்கிலமும் போதும் என்றானது. தமிழைக் காக்கும் துணையாக ஆங்கிலம் கருதப்பட்டதால், இந்தியின் மேல் இருந்த விழிப்பு அதன் மேல் இருக்கவில்லை.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மேடவாக்கத்திலோ சேலையூரிலோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நெல்லைக்காரர், தஞ்சாவூர்க்காரர், சேலத்துக்காரர், பரம்பரைச் சென்னைவாசி எல்லோரும் ஒரே மாடியில் இருப்பார்கள். புதிதாகக் குடிவந்தவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் தம் மனைவியை எப்படி அறிமுகப்படுத்துவார்? 'பொண்டாட்டி' என்பது நெருங்கியவர்களிடம் சொல்வது. அந்நியரிடம் சொன்னால் கரடுமுரடாக இருக்கும். 'சம்சாரம்' பழசு. 'வீட்டுக்காரி' ஒரு பக்கத்து வழக்கு, 'ஆத்துக்காரி' ஒரு சாதி வழக்கு. 'மனைவி' புத்தகத்தில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் வந்தால் நாடக வசனம் போல ஒலிக்கும். எனவே, "இவங்க என் ஒய்ஃப்."

இதே நெருக்கடி பல இடங்களில் வருகிறது. 'சோறு' என்றால் ஒரு மாதிரி, 'சாதம்' என்றால் ஒரு மாதிரி, ஓட்டலில் பரிமாறுபவர் "சார், ரைஸ்?" என்று தப்பித்துக்கொள்கிறார். கழிப்பறையின் கதை இன்னும் வேடிக்கை. 'கக்கூஸ்' டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல். அது புழங்கிப் புழங்கி அசிங்கப்பட்டதும் 'லெட்ரின்' வந்தது. அதற்குப் பிறகு 'பாத்ரூம்', 'டாய்லெட்', இப்போது அலுவலகங்களில் 'ரெஸ்ட் ரூம்'. சுவரில் 'கழிப்பறை' என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே "பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்பார்கள்.

எழுத்துத் தமிழுக்கும் வீட்டுத் தமிழுக்கும் இடைவெளி பெரியது. தனித்தமிழ் இயக்கம் மேடைக்கும் ஏட்டுக்கும் சொல் கொடுத்தது. வீட்டுக்குள் புழங்கும் சொற்களில் ஊரும் சாதியும் ஒட்டியிருக்கின்றன. முன்பின் தெரியாதவரிடம், சமமாக, மரியாதையாகப் பேசுவதற்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு தமிழ் தேவைப்பட்டது. அந்த இடத்தில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்துவிட்டது. 'சாரி', 'தேங்க்ஸ்', 'ப்ளீஸ்' மூன்றும் இந்த நடு இடத்துச் சொற்கள். ஷேர் ஆட்டோவில் காலை மிதித்தவரைத் திட்டுவது தமிழில். மிதித்தவர் மன்னிப்புக் கேட்பது ஆங்கிலத்தில். 'மன்னிக்கவும்' என்று அவர் சொன்னால் கேலி செய்கிறார் என்று நினைப்பார்கள். ஆங்கிலம் பேசினால் மதிப்பு என்ற ஆசையும் இதில் கலந்திருக்கிறது. ஆனால் அதை மட்டுமே காரணமாகக் காட்டிப் பேசுபவரைக் குற்றம் சொல்வது பாதி உண்மைதான்.

அரசு எடுத்த நடவடிக்கைகள் பெரும்பாலும் எழுத்தோடு நின்றன. கடைப் பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று விதி உண்டு. 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அறிவித்தார்கள். 'ஜில்லுனு ஒரு காதல்' 'சில்லுனு ஒரு காதல்' ஆனது. படத்துக்குள் நாயகன் என்ன மொழியில் பேசினான் என்று யாரும் கேட்கவில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் திறந்த நிலையம் பலகையில் 'பேருந்து முனையம்', பயணிக்குப் 'பஸ் ஸ்டாண்ட்'. ரயில் ஒலிபெருக்கி 'நடைமேடை' என்று தெளிவாக அறிவித்து முடித்ததும், "எந்த பிளாட்ஃபாரம்னு சொன்னாங்க?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார். யாழ்ப்பாணத்தில் பேக்கரிப் பலகையில் 'வெதுப்பகம்' என்று எழுதும் அளவுக்குப் பற்று உண்டு. அங்கேயும் பேச்சு தன் போக்கில்தான் போகிறது.

'பஸ்' போன்ற பெயர்ச்சொல்லால் தமிழுக்குக் கேடில்லை. இலக்கணம் அதைச் செரித்துக்கொள்கிறது. ஒரு துறையைப் பற்றித் தமிழில் பேசவே முடியாமல் போவதுதான் கேடு. தாம்பரத்தில் வளரும் குழந்தை பத்து ரூபாயை 'டென் ருப்பீஸ்' என்றும், போன் எண்ணை ஆங்கில இலக்கங்களாகவும் சொல்கிறது. 'எழுபத்தொன்பது' எவ்வளவு என்று கேட்டால் திகைக்கிறது. 'சண்டே' தெரிகிறது, 'ஞாயிறு' வர ஒரு நொடி ஆகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆனால் ஆங்கிலவழிப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே; கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்தில். செய்யுளை மனப்பாடமாக ஒப்பிக்கும் அதே மாணவருக்கு 'மின்சுற்று' அந்நியச் சொல்.

மகன் 'டாடி' என்று கூப்பிடுகிறானே என்று வருத்தப்படும் பெற்றோர் அதை விட்டுவிடலாம். இன்று மாலை அவனை உட்காரவைத்து, வகுப்பில் படித்த அறிவியல் பாடத்தைப் பாட்டிக்குப் புரியும்படி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் நாலு ஆங்கிலச் சொல் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.