வெட்டுவான் கோவில், கழுகுமலை
பாண்டியர் காலம், கி.பி. 8ஆம் நூற்றாண்டு

சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் சாலையில் வருவோர் தவறவிடக் கூடாத இடம் இது. ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கிய ஒற்றைக்கல் கோவில். முதலில் மலையைச் சுமார் 7.5 மீட்டர் ஆழத்துக்குச் சதுரமாக அகழ்ந்து, நடுவில் விட்ட பாறையை விமானமாக்கினார்கள். எல்லோராவின் கயிலாசநாதர் கோவிலும் இதே முறையில் உருவானதுதான்.

எண்பட்டைச் சிகரமும் அதைச் சுற்றிய நந்திகளும் முழுமை பெற்றுள்ளன. தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அரிதான இந்த வடிவத்தை நின்று பாருங்கள். பூதகணங்களின் முகங்களில் ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. அடிப்பகுதி செதுக்கப்படாமலே நின்றுவிட்டது. கருவறையில் இன்றுள்ள பிள்ளையார் பிற்காலத்தில் வைக்கப்பட்டவர்.

இதே மலையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. பார்சுவநாதர், பாகுபலி, சிங்கத்துடன் நிற்கும் அம்பிகை ஆகியோரை அங்கே காணலாம். உருவங்களின் கீழுள்ள வட்டெழுத்துகள் அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்களைச் சொல்கின்றன. அவர்களில் குரத்தியர் எனப்பட்ட சமணப் பெண் ஆசிரியர்களும் உண்டு.

சிற்பங்களைத் தொட வேண்டாம்.